மலையேற எந்தச் சப்பாத்து?

“விடுமுறையில் லேடாங் மலை ஏறலாமா?” என்று யாராவது தொடங்கிவிட்டால் போதும், நம் மாணவர்களிடையே அடுத்து எழும் கேள்வி சப்பாத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். என்ன வாங்குவது? எவ்வளவு விலை? பேரங்காடியில் முந்நூறு, நானூறு வெள்ளிக்குப் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். கல்விக் கடனில் காலம் தள்ளும் நமக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு. விலை கூடியது பாதுகாப்பானது என்று நினைத்துக்கொண்டு சிலர் வாங்கியும் விடுகிறார்கள். வேறு சிலர் அண்ணனிடமோ மாமாவிடமோ இரவல் கேட்கிறார்கள். இந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில், சப்பாத்து தவறினால் சிரமம் அதை அணிந்தவருக்கு மட்டும் இல்லை; கூட வந்த அத்தனை பேருக்கும்தான்.

முதலில், நாம் மிதிக்கப்போவது எப்படிப்பட்ட தரை என்று பார்ப்போம். ஜொகூரின் மிக உயரமான மலை லேடாங், 1,276 மீட்டர். தங்காக் பக்கம் சாகில் நீர்வீழ்ச்சி அருகிலிருந்து ஏறுவார்கள். பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு ஏற வேண்டும். குளுவாங்கில் லம்பாக் மலை 510 மீட்டர், பெலுமுட் மலை ஏறத்தாழ 1,010 மீட்டர். கூலாய், பொந்தியான் வட்டாரத்தார் அறிந்த பூலாய் மலை 654 மீட்டர். உயரத்தைப் பார்த்தால் இவை பெரிய மலைகள் அல்ல. ஆனால் எல்லாவற்றிலும் தரை ஏறத்தாழ ஒன்றுதான்: மழையில் ஊறிய செம்மண், பாம்பு போல் குறுக்கே கிடக்கும் வேர்கள், அழுகிய இலைகள், கணுக்கால் நனையும் ஓடைகள். லேடாங்கில் இவற்றோடு கயிறும் ஏணியும் பிடித்து ஏற வேண்டிய கருங்கற்பாறைகளும் சேர்ந்துகொள்ளும்.

1854-ஆம் ஆண்டில் மலாக்காவிலிருந்து புறப்பட்டு இந்த மலையை ஏறிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளரும் இதைத்தான் பட்டிருக்கிறார். வழியோரத்துச் செடிகளில் எல்லாம் அட்டைகள் மொய்த்ததையும், அவற்றுள் ஒன்று தம் கழுத்தில் வயிறு முட்ட இரத்தம் குடித்துவிட்டதையும் அவர் தம் நூலில் எழுதியிருக்கிறார். நூற்றெழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அட்டைகள் மாறவில்லை!

இப்போது கடையில் இருக்கும் அந்த விலை கூடிய சப்பாத்தை எடுத்துக்கொள்வோம். அது குளிர்நாட்டு மலைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கால் நனைந்தால் உறைந்துவிடும் ஊரில், நீர் உள்ளே வரக்கூடாது என்பதே முதல் தேவை. அதற்காகத் துணிக்குள் ஒரு மெல்லிய சவ்வை வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து நீர்த்துளி உள்ளே வராது; உள்ளிருந்து வியர்வை ஆவியாகி வெளியே போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆவி வெளியே போக வேண்டுமானால் உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்று உலர்ந்திருக்க வேண்டும். நம் காட்டில் காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கிறது. வியர்வை எங்கே போகும்? அதோடு, நம் ஓடைகளில் தண்ணீர் துணியின் வழியாக வருவதில்லை. கணுக்காலுக்கு மேலே ஏறி, சப்பாத்தின் வாய் வழியாக உள்ளே இறங்குகிறது. உள்ளே வந்த தண்ணீரை அதே சவ்வு வெளியே விடாது. பிறகு நாள் முழுக்க இரண்டு வாளிகளைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இதனால் அந்தச் சப்பாத்து மோசமானது என்று பொருளல்ல. 1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் கால் பதித்த முதல் மலேசியர்களான எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் நம்மவர்கள் என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. அங்கே அவர்களுக்குத் தேவைப்பட்டது பனியைத் தாங்கும் கனத்த காலணி. இங்கே நமக்குத் தேவை வேறு. கருவியைத் தேர்ந்தெடுப்பது இடம்தான், விலைச்சீட்டு அல்ல.

இனி இரவல் சப்பாத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு நாங்கள் பதினான்கு பேர் மலையேறியபோது, எங்களோடு வந்த மூன்றாம் ஆண்டு அண்ணா ஒருவர் தம் மாமாவின் மலையேறும் சப்பாத்தை அணிந்து வந்திருந்தார். பெட்டியிலேயே இருந்ததாம், இரண்டே முறை போட்டதாம், பார்க்கப் புத்தம் புதியது. உச்சிவரை ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது முதலில் வலது காலின் அடிப்பாகம் முன்பக்கமாக வாயைத் திறந்தது. கால் மணி நேரத்தில் முழுவதும் கழன்று கையோடு வந்துவிட்டது. ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். சற்று நேரத்தில் இடது காலும் அதே கதை. வழுவழுப்பான துணியடியோடு ஈர வேரில் கால் வைத்தவர் சறுக்கி விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டார். மாலையில் கீழே சேர்ந்திருக்க வேண்டிய நாங்கள் இரவு ஒன்பதரைக்குத்தான் சேர்ந்தோம். பதினான்கு பேருக்கு எரிந்த தலைவிளக்குகள் ஐந்து. வழிகாட்டி மட்டும் எதுவும் சொல்லவில்லை. இப்படி எத்தனை சப்பாத்துகளைப் பார்த்திருப்பாரோ!

புதிதாகத் தெரிந்த சப்பாத்து ஏன் பிரிந்தது? இதற்கு வேதியியலில் நீராற்பகுப்பு என்று பெயர். பெரும்பாலான மலையேறும் சப்பாத்துகளில், தரையைத் தொடும் ரப்பர் அடிக்கும் நம் பாதத்துக்கும் நடுவே மெத்தை போன்ற ஓர் அடுக்கு இருக்கும். அது பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதனுள் மெல்ல ஊடுருவி, அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருக்கும. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நிகழும். சொல்லப்போனால், நடக்காமல் பெட்டிக்குள் மூடி வைத்தால் இன்னும் மோசம். அடிக்கடி அணியும்போது நடையின் அழுத்தத்தில் ஈரம் கொஞ்சம் பிதுங்கி வெளியேறிவிடுகிறது. ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில், அலமாரியில் உறங்கும் சப்பாத்து உள்ளுக்குள் புட்டு மாவாகிக்கொண்டிருக்கிறது. மேல்தோல் மட்டும் மினுமினுக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சோதனைக்கூடம் வேண்டாம், கட்டைவிரல் போதும். சப்பாத்தைப் பக்கவாட்டில் பிடித்து, நடு அடுக்கைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். நல்ல நுரை அமுங்கி உடனே எழும்பும். அழுத்திய இடம் குழியாகவே நின்றாலும், பொடிந்தாலும், பிசுபிசுத்தாலும் கதை முடிந்தது. பிறகு முன்பாதியை நன்றாக வளைத்துப் பாருங்கள். வளையும் இடத்தில் மயிரிழை போல் வெடிப்பு தெரிகிறதா? மேற்பகுதியும் அடியும் சேரும் விளிம்பில் நகம் நுழைகிறதா? நுழைந்தால் அதை மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். இந்தச் சோதனையைப் புறப்படும் காலையில் செய்து பயனில்லை. ஒரு வாரத்திற்கு முன்பே செய்து, அதே சப்பாத்தோடு வளாகத்தைச் சுற்றி இரண்டு மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும். மழைநாளாக இருந்தால் இன்னும் நல்லது.

சரி, அப்படியானால் எதைத்தான் அணிவது? அன்று எங்கள் வழிகாட்டியின் காலில் இருந்ததைச் சொல்கிறேன். கறுப்பு ரப்பர் சப்பாத்து. சிற்றூர்க் கடைகளிலும் பசார் மாலாமிலும் இருபது வெள்ளிக்குள் கிடைக்கிறதே, அதேதான். மலேசிய மலையேறிகள் அதைச் செல்லமாக ‘அடிடாஸ் கம்போங்’ என்கிறார்கள். அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கேலியாகப் பிறந்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. வழிகாட்டிகளும் மலையோட்டக்காரர்களும் கூட இதை விரும்பி அணிகிறார்கள்.

நம்மில் பலருக்கு இந்தச் சப்பாத்து புதியதல்ல. தோட்டப்புறத்தில் பால்மரம் சீவியவர்களின் சப்பாத்து இது. கூலாய்க்கும் லாயாங் லாயாங்கிற்கும் இடையே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவிய என் பாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “மலை ஏறவா இத காசு குடுத்து வாங்குறீங்க?” என்று முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு அவர் சொன்னது எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லாதது. “தண்ணி உள்ள போனா போகட்டும் கண்ணு. போன தண்ணி வெளிய வந்துடணும். அதான் சப்பாத்து.”

அந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது. ரப்பர் சப்பாத்து தண்ணீரைத் தடுப்பதாகப் பாசாங்கு செய்வதில்லை. ஓடையைக் கடந்ததும் கழற்றி ஓர் உதறு உதறினால் தண்ணீர் போய்விடும். ஊறிக் கனக்கத் தடித்த மெத்தை இல்லை. நீராற்பகுப்பில் பொடிந்துபோக நுரை அடுக்கும் இல்லை. மேலும் கீழும் சேர்த்து ஒரே வார்ப்பாக ரப்பரில் வருவதால், ஒட்டுப்பசை விட்டு அடி கழன்று வரும் பேச்சுக்கே இடமில்லை. அடியில் உள்ள குமிழ்கள் சேற்றைக் கவ்வுகின்றன. அடி மெல்லியது என்பதால் கீழே இருப்பது வேரா கல்லா என்று பாதத்துக்கே தெரிந்துவிடுகிறது. வைகறை இருட்டில், பனியில் நனைந்த புல்லில், சரிவான நிரைகளில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்தவர்களுக்கு இதைவிடத் தகுந்தது வேறு என்ன இருந்திருக்க முடியும்? (வெயில் ஏறுவதற்கு முன் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும், அதனால்தான் அந்த வைகறை நடை.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் தம் நண்பர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்தார் வித்தாலே பிரமானி என்ற மலையேறி. அவர்கள் காலணி அந்தச் சூழலுக்கு ஏற்றதாக இல்லை என்று கருதிய அவர், ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடியை உருவாக்கி 1937-இல் வெளியிட்டார். அதுதான் அவர் பெயரையே சுருக்கி வைத்த ‘விப்ரம்’ அடி. இன்று விலை கூடிய சப்பாத்துகளின் அடியில் மஞ்சள் நிறச் சின்னமாகப் பார்க்கிறோமே, அதே நிறுவனம். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் நொறுங்காது என்பதை 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்திராவிட்டால் இவை எதுவுமே இல்லை. மலாக்காவில் 1896-இல் தான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய பிறகு, அந்தப் பாலை எடுக்கக் கப்பலேறி வந்த பல்லாயிரம் பேரில் நம் பூட்டன்மாரும் உண்டு. உலகம் நடந்த ரப்பரில் அவர்கள் சீவிய பாலும் இருந்தது. ஆனால் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது, மழைநாளில் பாட்டியின் ரப்பர் சப்பாத்தைப் போட்டுவந்த தோழியை ‘எஸ்டேட்’ என்று அழைத்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். சிரித்தவர்களில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்காக எல்லாரும் நாளையே ரப்பர் சப்பாத்துக்கு மாறிவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதில் குறைகளும் உண்டு. மெத்தை இல்லாததால் கூரான கல் சுருக்கென்று உணர்த்தும். கணுக்காலைத் தாங்காது. பன்னிரண்டு கிலோ சுமையோடு இரவு தங்கப் போகிறவர்களுக்கும், முன்பே கணுக்கால் பிசகியவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும் நல்ல மலையேறும் சப்பாத்தே ஏற்றது. அப்போதும் சவ்வு இல்லாத, துணிவலை வைத்த, விரைவில் உலரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெறும் காலோடு ரப்பர் சப்பாத்தை அணிந்தால் ஒரு மணி நேரத்தில் கொப்புளம் நிச்சயம். முழங்கால்வரை வரும் காற்பந்துக் காலுறையை அணிய வேண்டும். அட்டை மிகுந்த காடாக இருந்தால் நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டையுறையை அதன்மேல் மாட்டிக்கொள்ளலாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஓடையில் இறங்குமுன் நன்றாக மூடிக் கட்டுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் காயத்தின் வழியாக நுழையக்கூடியது.

எதை வாங்கினாலும் அளவு முக்கியம். மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் காலுறையைக் கையோடு கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். கட்டாத நிலையில் விரல்களை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் பெருவிரல் நகம் முட்டி முட்டிக் கறுத்துவிடும். நகத்தையும் இரண்டு நாளைக்கு முன்பே வெட்டிவிட வேண்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் ஏறுவதைவிட இறங்கிப் பாருங்கள். விற்பனையாளர் முறைத்தால் முறைக்கட்டும்.

பராமரிப்பிலும் பாட்டியின் முறையை மிஞ்ச வழி தெரியவில்லை. வேலை முடிந்ததும் வீட்டு வாசலிலேயே சப்பாத்தைக் கழுவி, வேலிக்குச்சியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவாராம், நிழல் விழும் பக்கத்தில். மறுநாள் போடுமுன் இரண்டு தட்டு. உள்ளே பூரானோ தேளோ இருந்தால் விழுந்துவிடும். நாம் செய்ய வேண்டியதும் இதுதான். சேற்றை அன்றே கழுவுங்கள். துணிச் சப்பாத்தாக இருந்தால் உள்ளடியை உருவி வெளியே எடுத்து, உள்ளே பழைய நாளிதழைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் வைத்து, நாளிதழை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். நேர் வெயிலோ, முடி உலர்த்தியோ வேண்டாம்; பசை இளகும், தோல் வெடிக்கும், ரப்பரும் நாளடைவில் விறைத்து வெடிக்கும். காரின் பின்பெட்டியில் நெகிழிப்பைக்குள் கட்டிப் போடுவது சப்பாத்தைக் கொல்வதற்கு மிகச் சிறந்த வழி. வெப்பம், ஈரம் இரண்டும் ஒரே இடத்தில்! ரப்பரில் எண்ணெயோ பெட்ரோலோ படவிடாதீர்கள், உப்பிப் போகும். கொசு, அட்டைக்குப் பூசும் மருந்தில் ‘டீட்’ என்ற பொருள் இருந்தால் அது கைக்கடிகாரக் கண்ணாடி, மூக்குக்கண்ணாடிச் சட்டம் போன்ற நெகிழிகளைக் கரைக்கக்கூடியது. பூசிய கையால் அவற்றைத் தொடாதீர்கள்.

முதுகுப்பைக்கும் மழையங்கிக்கும் சப்பாத்தின் அதே நோய் உண்டு. அவற்றின் உட்பக்கத்தில் பூசிய பாலியூரித்தேன் படலம் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, ஒருவித நாற்றம் எடுத்து, தோல் உரிவது போல் உரியும். உரியத் தொடங்கினால் மழை உள்ளே வரும். எப்படியிருந்தாலும் பைக்குள் ஒரு தடித்த குப்பைப்பையை விரித்து, அதற்குள் மாற்றுடையை வைப்பதே நம்பத் தகுந்தது. தலைவிளக்கைப் பற்றி ஒன்றே ஒன்று: வந்ததும் மின்கலங்களைக் கழற்றிவிடுங்கள். கசிந்த மின்கலம் விளக்கையே தின்றுவிடும். பகலில் திரும்பிவிடுவோம் என்று எண்ணி விளக்கில்லாமல் புறப்படாதீர்கள், ஆளுக்கு ஒன்று வேண்டும். பால்மரம் சீவியவர்கள் நெற்றியில் விளக்கில்லாமல் காட்டுக்குள் போனதில்லை.

நம் கழகத்தின் முன்னாள் உறுப்பினர்களில் குளிர்நாடுகளில் வேலை செய்பவர்கள் இந்த மலரைப் படிப்பதால், அவர்களுக்கும் ஒரு சொல். 2018-ஆம் ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப் மலேசியாவுக்காகப் பனிச்சறுக்கில் கலந்துகொண்ட பிறகு, விடுமுறையில் பனிச்சறுக்கப் போன படங்களை நம்மவர்களும் அனுப்புகிறார்கள். அந்தச் சறுக்குக் காலணியின் கெட்டி ஓடும் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகைதான். முதுமையில் அதுவும் கண்ணாடி போல் உடையும். அதனால் நண்பரின் பழைய காலணியை வாங்கிப் போடுவதைவிட வாடகைக்கு எடுப்பது நல்லது. விழும்போது காலைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பிணைப்பை, உங்கள் எடை, உயரம், வயது, திறன், காலணி அடியின் நீளம் ஆகியவற்றைப் பார்த்துக் கடையில் உள்ள பயிற்சி பெற்றவரே திருக வேண்டும். அங்கே எடையைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், பிணைப்பு தேவையில்லாத நேரத்தில் கழன்றுவிடும். திறமையைக் கூட்டியும் சொல்லாதீர்கள், கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலைத் திருகிவிடும்.

கடைசியாக, பழுதான சப்பாத்தை எறிந்துவிட வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். ஜொகூர் பாரு கடைவீதியின் ஐந்தடி நடைபாதையில் அமர்ந்து சப்பாத்து தைக்கும் ஒரு பெரியவரிடம், விடுதியில் சேர்ந்திருந்த நான்கு சோடிகளைக் கொண்டு போய்க் காட்டினேன். அவரும் கட்டைவிரலால்தான் அழுத்திப் பார்த்தார். ஒரு சோடியில் பசை மட்டுமே விட்டிருந்தது. அதைச் சுற்றிலும் நைலான் நூலால் தைத்துக் கொடுத்தார், இன்றும் நன்றாக இருக்கிறது. இரண்டு சோடிகளை ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். நான்காவதை அழுத்தியபோது நடு அடுக்கு மாவாக உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. “இதத் தச்சா ஊசிக்கு நிக்க எடமில்லப்பா” என்றார். அந்தச் சோடியின் நாடாக்கள் மட்டும் நன்றாக இருந்தன. உருவி எடுத்துக்கொண்டு வந்தேன்.